கருவிகள் கரையில் இருந்த நாள்

புதிதாகப் படகு வேலைக்கு வந்திருக்கும் இரண்டு தம்பிகளுக்கும் ஒரு தங்கைக்கும் வணக்கம்.

வேலையை விட்டுப் போகிறவன் புதிதாக வந்தவர்களிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே என்று முதலாளி கேட்டார். நாலு பேர் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. அதனால் எழுதித் தருகிறேன். இன்ஜினை எப்படிக் கழற்றுவது, பிளக்கை எப்படித் துடைப்பது என்பதையெல்லாம் என்னோடு படகு ஓட்டும் சேகர் சொல்லித் தருவார். அவர் என்னைவிட நன்றாகவே சொல்லுவார். படகில் கருவிகளை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

நான் இந்த ஏரிக்கு வருவதற்கு முன்னால் கள்ளக்குறிச்சியில் ஒரு லாரிப் பட்டறையில் இருந்தேன். பட்டறையில் எல்லாக் கருவியும் ஒரே தகரப் பெட்டியில் கிடக்கும். வேண்டியதைக் கிளறி எடுப்போம். கீழே விழுந்தால் குனிந்து எடுப்போம். அதே பழக்கத்தில் படகுக்கும் ஒரு தகரப் பெட்டியைத்தான் கொண்டுவந்தேன். ஏரியில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, தண்ணி மேல பொட்டிக் கட போட்டுக்கினு கீற?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவருடைய பரிசலில் இருந்த இரும்பு ஒரே ஒரு கத்திதான். அது பரிசலின் விளிம்பில், அவர் துடுப்புப் போடும்போது இடது கை எங்கே போகுமோ அங்கே, கயிற்றில் கட்டிக் கிடந்தது.

பெட்டியில் என்ன தப்பு என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பெட்டி அதில் உட்காரும். மூடி துருப்பிடிக்கும். அவசரத்துக்குத் திறக்க வராது. திறந்தால் வேண்டிய சாமான் அடியில் இருக்கும். அதைத் தேடக் குனிந்தால் கண் தண்ணீரை விட்டுப் போய்விடும், படகு எங்கே போகிறது என்பது தெரியாது. பட்டறையில் வண்டி நின்றால் நின்ற இடத்தில் இருக்கும். படகு நின்றாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை நன்றாக மனதில் வையுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அதனால் பி.வி.சி. குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, படகின் உள்பக்கச் சுவரில் பொருத்தினேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குழாய். அடியில் ஓட்டை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும். இன்ஜின் பிடியை வலது கையில் பிடித்திருப்பவனுக்கு இடது கை எட்டும் இடத்தில் கத்தி. அதற்கு அடுத்து கட்டிங் பிளேயர். அதற்கு அடுத்து பிளக் ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும். சுத்தியல் கொஞ்சம் தள்ளி இருந்தால் போதும், அது அவசரத்துக்குத் தேவைப்படுவதில்லை. நங்கூரம் முன்பக்கக் கொக்கியில். எல்லாவற்றிலும் ஒரு கயிறு, அந்தக் கயிறு உங்கள் மணிக்கட்டில் மாட்டும் அளவுக்கு ஒரு வளையம். ஏரியில் விழுந்த ஸ்பேனர் ஏரிக்குத்தான் சொந்தம். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் துரு வராது. இவ்வளவுதான் ஏற்பாடு. சேகரும் நானும் கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுப்போம்.

ஏற்பாடு இவ்வளவு ஒழுங்காக இருந்ததால்தான் அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் கை கருவிகளை நம்பியது. கருவிகள் அங்கே இல்லாத ஒரு நாள் வந்தது. அந்த நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஆயுத பூஜை. வழக்கமாக எங்கள் படகுத்துறையில் பூஜை சாயங்காலம் நடக்கும். படகெல்லாம் கரைக்கு வந்த பிறகு கருவிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கொட்டகையில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். மறுநாள் மறுபூஜை போட்ட பிறகு எடுத்து மறுபடியும் படகில் வைப்போம். இடையில் யாரும் தொடக்கூடாது. அந்த வருஷம் பூசாரி சாயங்காலம் திருநாவலூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் காலையிலேயே வந்து பூஜையை முடித்துவிட்டார்.

நாங்கள் வருஷா வருஷம் செய்வதையே செய்தோம். குழாய்களிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தோம். நங்கூரத்தையும் தேய்த்துக் கழுவி வைத்தோம், அதுவும் இரும்புதானே. படகுக்கு முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டினோம். பக்கவாட்டில் நீளமாக ஒரு சாமந்தி மாலை. மாலையைச் சாதாரண நாரில் கட்டினால் காற்றுக்கு நிற்காது என்று சேகர் நைலான் கயிற்றில் கோக்கச் சொல்லி வாங்கி வந்திருந்தார். படகுக்குச் சக்கரம் இல்லையே, எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்து நசுக்குவது என்று சிரிப்பு வந்தது. கடைசியில் முன்பக்கம் வைத்துத் துடுப்பால் நசுக்கினோம்.

இதில் ஒரு விஷயம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை. வண்டிக்குப் பூஜை போட்டால் அதை ஓட்ட வேண்டும், ஓட்டாமல் விட்டால் நல்லதில்லை. கருவிக்குப் பூஜை போட்டால் அதைத் தொடக்கூடாது, தொட்டால் நல்லதில்லை. லாரிக்காரர்களுக்கும் இதே வழக்கம்தான். ஆனால் லாரி வழியில் நின்றால் டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாம்.

பூஜை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போனவர்கள், இறங்கி வரும் வழியில் நம் ஏரியில் படகு ஏறுவார்கள். லீவு நாள் வேறு. முதலாளி என்னைப் பார்த்து, "படகுக்குப் பூஜ போட்டாச்சி இல்ல? எடுங்க" என்றார். நாங்களும் எடுத்தோம். காலையில் போன நடையெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் திரும்பியது.

மத்தியானத்துக்கு மேல் ஒரு நடை. கள்ளக்குறிச்சியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், அவர் மனைவி, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வரை அவருக்கு வியாபாரம் ஜாஸ்தி, அன்றைக்கு மட்டும் ஒருவரும் இரும்பு வாங்க வர மாட்டார்கள், அதனால் வருஷம் தவறாமல் அன்றுதான் குடும்பத்தோடு வெளியே வருவோம் என்று ஏறும்போதே சொன்னார். களமருதூர் விவசாயி ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இருவருக்கும் வயது அறுபதுக்கு மேல். பிறகு மூன்று கல்லூரிப் பையன்கள், கையில் செல்போனுடன். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டினோம். சேகர் இன்ஜின் பிடியைப் பிடித்தார், நான் பின்பக்கம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த வருஷம் மலையில் மழை முந்திக்கொண்டது. ஏரி நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கில் வழிந்துகொண்டிருந்தது. நீங்கள் கலிங்கைப் பார்த்திருப்பீர்கள். ஏரிப்பக்கம் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு கல் வரிசை, அதன்மேல் முழங்கால் அளவு தண்ணீர். அந்தப் பக்கம் கல் படிக்கட்டு போல இறங்கும். படகு குறுக்காகப் போய் அந்தக் கல் வரிசையில் மோதினால் கவிழ்ந்து அந்தப் பக்கம் போய்விடும். லைஃப் ஜாக்கெட் தண்ணீரில் மிதக்க வைக்கும். கல்லில் விழுந்தால் அதனால் பிரயோஜனம் இல்லை. அதனால் கலிங்குப் பக்கம் போவதில்லை என்பது எங்கள் ஏற்பாடு. அன்றும் நாங்கள் போகவில்லை. படகுதான் போயிற்று.

ஏரியின் நடுவைத் தாண்டித் திரும்பும்போது மலையிலிருந்து காற்று கிளம்பியது. மத்தியானத்துக்கு மேல் அது வழக்கம்தான். அந்தக் காற்றில் மாலையின் ஒரு முனை அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. அதை நாங்கள் பார்க்கவில்லை. இன்ஜின் ஒருமுறை முக்கியது, பிறகு நின்றது.

"இன்னாண்ணா, அடியில பிடிச்சிக்கிச்சி" என்றார் சேகர்.

எட்டிப் பார்த்தேன். அடியில் சுற்றும் ஃபேனில் மஞ்சளாகப் பூவும் கயிறும் பந்து போலச் சுற்றியிருந்தன. என் இடது கை தானாகக் கத்திக் குழாய்க்குப் போனது. குழாய் காலியாக இருந்தது. அடுத்த குழாய்க்குப் போனது. அதுவும் காலி. கை அடுத்த குழாய்க்கும் போகப் பார்த்தது. நான்தான் நிறுத்தினேன்.

"கத்தி எங்கண்ணா?"

"சாமிகிட்ட."

சேகர் முன்பக்கம் பார்த்தார். நங்கூரக் கொக்கியும் காலி. அவர் முகம் மாறியது. அவருக்குக் கருணாபுரத்தில் கைக்குழந்தை இருந்தது. மாலையை நைலானில் கோக்கச் சொன்னது யார், காலையில் பூஜை போட்டது யார், படகை எடுக்கச் சொன்னது யார் என்று என் மனம் ஓட ஆரம்பித்தது. தம்பிகளே, தங்கையே, இந்த ஓட்டம் எல்லோருக்கும் வரும். அதைக் கரைக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுங்கள். தண்ணீரில் அதற்கு இடம் இல்லை. இல்லாததை எண்ணாதீர்கள், இருப்பதை எண்ணுங்கள். எங்களிடம் இருந்தது ஒரு துடுப்பு, கரையில் படகைக் கட்டும் கயிறு, அடித்தண்ணீர் இறைக்கும் பிளாஸ்டிக் வாளி. துடுப்பு மரம், வாளி பிளாஸ்டிக். இரும்பாக இல்லாததால் அவை பூஜைக்குப் போகவில்லை.

சேகர் துடுப்பை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். அவ்வளவு பேர் உட்கார்ந்த படகைக் காற்றுக்கு எதிராக ஒரு துடுப்பால் நகர்த்த முடியாது. படகு குறுக்காகத் திரும்பிக் கலிங்குப் பக்கம் நகர்ந்தது. பையன்கள் மூன்று பேரும் எழுந்து பின்பக்கம் பார்க்க வந்தார்கள். படகு சாய்ந்தது.

"எல்லாரும் இருந்த எடத்துலயே குந்துங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பாய்க்கு மட்டும் கேட்டது.

"இன்னா ஆச்சி தம்பி?"

"கயிறு சுத்திக்கினு கீதுங்க பாய். எந்திரிச்சா சாஞ்சிடும்."

அவர் கடை வீதியில் பத்துக் கடை தாண்டிக் கேட்கிற குரலில் சொன்னார்: "எல்லாம் குந்துங்கப்பா. எந்திரிச்சா சாயுமாம். தம்பி, போன உள்ள வையி. வூட்டுக்குப் போயி போட்டோ புடிச்சிக்கலாம்."

உட்கார்ந்தார்கள். உங்களில் யாருக்காவது என்னைப் போலக் குரல் வராது என்றால் வெட்கப்பட வேண்டாம். படகில் குரல் உள்ளவர் யாராவது ஒருவர் இருப்பார். அவர் காதில் சொன்னால் போதும்.

கட்டும் கயிற்றின் ஒரு முனை படகின் முன்பக்க வளையத்தில் ஏற்கனவே இருந்தது. மறுமுனையில் வாளியைக் கட்டினேன். பிடிக் கம்பி பிய்ந்துவிடும் என்று வாளியின் விளிம்புக்கு அடியிலும் ஒரு சுற்றுப் போட்டேன். அதை முன்பக்கத்திலிருந்து தண்ணீரில் வீசினேன். வாளி தண்ணீரை மொண்டுகொண்டு இழுத்தது. படகு மெதுவாகத் திரும்பி மூக்கை மலைப் பக்கம் வைத்தது. நிற்கவில்லை, ஆனால் வேகம் கம்மி ஆனது. குறுக்காகப் போவதும் நின்றது.

மூக்கு மலைப் பக்கம் போனதால் பின்பக்கம் கலிங்குக்கு நேராக வந்தது. நான் வேலை செய்ய வேண்டியது பின்பக்கத்தில். இன்ஜினைத் தூக்கி நிறுத்திவிட்டு, வயிற்றை விளிம்பில் வைத்துக் குப்புறப் படுத்தேன். தலைக்கு நேரே கலிங்கு. தண்ணீர் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"அத்தா, அங்க இன்னா சத்தம்?" என்றாள் பாயின் சின்னப் பெண்.

"தண்ணி உழுவுது. நீ ஆப்பிளத் துன்னு."

கயிறு இறுகியிருந்தது. சுற்றிய சூட்டில் இளகி ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், நகம்தான் பெயர்ந்தது. எழுந்து உள்பக்கம் திரும்பி, "யார்கிட்டயாவது கத்தி இருக்குங்களா?" என்றேன்.

களமருதூர்க்காரர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஆயுத பூஜ அன்னிக்கி எவன் கையிலய்யா கத்தி இருக்கும்? மம்பட்டி, அருவா, களைக்கொட்டு எல்லாம் வரிசையா சாமிகிட்ட கீது."

"எம் பாக்குவெட்டியக்கூட வுடல இந்த மனுசன்" என்றார் அவர் மனைவி. "அதுவும் இரும்புதான்னு புடுங்கிக்கினு போயி வச்சிட்டாரு. காலையிலருந்து வாயி நமநமன்னு கீது."

பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"என் கடையில பொட்டி பொட்டியா கெடக்குது தம்பி" என்றார் பாய். "இன்னிக்கின்னு பாத்து..."

எனக்கு எதிரில் அந்தச் சின்னப் பெண் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். முழு ஆப்பிள் இல்லை, நறுக்கிய துண்டு. வெட்டிய பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தது. வீட்டில் நறுக்கிக் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு நேரத்துக்குப் பழுப்பு நிறம் வந்திருக்கும். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். பெண்களிடம் நேராகப் பேச எனக்கு வராது. "அந்த ஆப்பிள்..." என்றேன். அதற்குள் அவர் பைக்குள் கையை விட்டுவிட்டார்.

பிளாஸ்டிக் பிடி போட்ட பழக் கத்தி. விரல் நீளம்தான் இருக்கும். "மொட்டக் கத்திங்க. ஆப்பிளே சரியா வெட்ட மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார்.

கத்தி கைக்கு வந்தது. கலிங்குக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று பஸ் நிற்கும் தூரம் இருந்திருக்கும். இந்த இடத்தில்தான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் உடம்பு முழுக்க "வெட்டு, வெட்டு" என்றுதான் சொல்லும். எனக்கும் சொன்னது. ஆனால் ஏரி முழுக்க எங்களுக்கு இருந்தது அந்த ஒரு கத்திதான். அதில் கயிறு இல்லை. என் கை ஈரம், கீழே தண்ணீர்.

பெரிய பெண்ணின் சடையைக் காட்டி, "பாப்பா, அந்த ரிப்பன அவுத்துக் குடும்மா" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவே சரக்கென்று உருவிக் கொடுத்தார். ரிப்பனின் ஒரு முனையைக் கத்திப் பிடியில் இருந்த ஓட்டையில் கோத்து முடிந்தேன். மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிப் பல்லால் இழுத்து முடிபோட்டேன்.

சேகர் துடுப்புப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்துவிட்டார். "யோவ், இன்னாய்யா ரிப்பன் கட்டிக்கினு கீற? கலிங்கு வந்துடுச்சிய்யா. வெட்டுய்யா."

சேகர் எப்போதும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். யோவ் என்றது அந்த ஒரு தடவைதான். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுபடியும் குப்புறப் படுத்து அறுக்க ஆரம்பித்தேன். மொட்டைக் கத்தியை அழுத்தினால் வழுக்கும், நீளமாக இழுத்தால்தான் பிடிக்கும். ஒரு சுற்று விட்டது. இன்னொன்று. பூவெல்லாம் உதிர்ந்து தண்ணீரில் எனக்கு முன்னால் கலிங்குக்குப் போய், கல்லில் ஏறி, அந்தப் பக்கம் மறைந்தது. மூன்றாவது சுற்றில் கயிறு திடீரென்று அறுந்தது. கை ஃபேன் விளிம்பில் போய் மோதியது. விரல் விரிந்தது. கத்தி தண்ணீரில் விழுந்தது.

பாயின் மனைவி "அல்லா" என்றார்.

மணிக்கட்டைத் தூக்கினேன். ரிப்பனில் கத்தி தொங்கி ஆடியது. பிடித்துக்கொண்டு மறுபடியும் அறுத்தேன். விரலிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலி பிறகுதான் தெரிந்தது. கடைசிச் சுற்றும் விட்டதும் பந்தாக இருந்ததை மொத்தமாகப் பிடுங்கிப் படகுக்குள் போட்டேன். தண்ணீரில் போடவில்லை. போட்டிருந்தால் மறுபடியும் சுற்றியிருக்கும்.

"வந்துடுச்சி" என்றேன்.

சேகர் துடுப்போடு தாவிப் பின்பக்கம் வந்தார். இன்ஜினை இறக்கினார். ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கையை ஓங்கினார்.

"நிறுத்து."

அது என் குரல்தான். கரையில் டிக்கெட் கொடுக்கிறவருக்குக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். சேகர் அப்படியே நின்றுவிட்டார்.

முன்பக்கத்தில் வாளி இன்னும் தண்ணீரில் இருந்தது. இன்ஜின் பிடித்துப் படகு முன்னால் போனால் அந்தக் கயிறு படகுக்கு அடியில் வந்து அதே ஃபேனில் சுற்றும். அது படகு கட்டும் கயிறு, கட்டைவிரல் தடிமன். பழக் கத்தியால் அதை அறுக்க முடியாது.

"வாளிய இழுங்க" என்று களமருதூர்க்காரரைப் பார்த்துச் சொன்னேன். அவர் முன்பக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தார். ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கிணற்றில் தண்ணீர் சேந்துவது போலக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். நிறைந்த வாளி கனமாக வந்தது. அவர் மனைவி பின்னால் இருந்து கயிற்றைச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டார்.

வாளியைத் தூக்கியதும் படகு மறுபடியும் வேகமாகப் பின்னால் போனது. அது எனக்குத் தெரிந்ததுதான், வேறு வழியும் இல்லை. சேகர் இழுத்தார். இன்ஜின் இருமியது. மறுபடி இழுத்தார். ஒன்றும் இல்லை. நான் துடுப்பை எடுத்துப் பின்பக்கம் நீட்டினேன். கல் நெருங்கினால் ஊன்றித் தள்ளலாம் என்று. துடுப்பின் முனை கல்லில் தட்டிய சத்தம் கேட்டது. அப்போதுதான் இன்ஜின் பிடித்தது.

கரைக்குத் திரும்பும் வழியில் பெரிய பெண், "என் ரிப்பன் வேணும்" என்றாள். அவள் அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

கரையில் வரிசை நீளமாக நின்றது. பாய் குடும்பத்தை இறக்கிவிட்டு என் தோளில் கையை வைத்தார். பிறகு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சேகர் கரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார். முதலாளி வந்தார்.

"இன்னாப்பா இவ்ளோ நேரம்? ஜனம் எவ்ளோ நிக்குது பாரு."

நடந்ததைச் சொன்னேன். அவர் என் விரலைப் பார்த்தார், படகில் கிடந்த பூப்பந்தைப் பார்த்தார், கலிங்கைப் பார்த்தார். பிறகு, "மாலைய எல்லாம் அவுத்துப் போட்டுடு. கையில துணி சுத்திக்கினு அடுத்த நடைய எடு" என்றார்.

"கருவி இல்லாம போவ முடியாதுங்க."

"மறுபூஜ ஆவாம எப்பிடி எடுக்கறது? நாளைக்கி காலையிலதானே?"

"அப்ப படகும் நாளைக்கிங்க."

நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுவரை இல்லை. அவர் கெட்டவர் இல்லை. பூஜையில் வைத்ததைப் பாதியில் எடுத்தால் ஏதாவது வந்துவிடும் என்று உண்மையாகவே பயந்தார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் அன்றைக்கு அதைவிடப் பெரிய பயத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பூசாரி மில்லுக்குப் போக வண்டி வரும் என்று இன்னும் காத்திருந்தார். கொட்டகை வாசலில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். முதலாளி அவரிடம் போனார்.

"இன்னொரு தடவ கற்பூரம் காட்டறேன், எடுத்துக்கங்க" என்றார் பூசாரி. "சாமி இன்னா போலீஸா, நாளைக்கி வான்னு சொல்ல?"

கற்பூரம் காட்டினார். முதலாளி வேறு யாரையும் கூப்பிடவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நங்கூரத்தை அவரே தோளில் தூக்கினார். சந்தனமும் குங்குமமுமாக அது வரிசையைத் தாண்டிப் போகும்போது, ஜனங்கள் நகர்ந்து வழிவிட்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் பின்னால் கத்தி, பிளேயர், ஸ்பேனர் எல்லாவற்றையும் துணியில் ஏந்திக்கொண்டு போனேன். குழாய்களில் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

சேகர் எழுந்து வந்தார். நான் ஓட்டுகிறேன் என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பின்பக்கம் உட்கார்ந்து, இன்ஜினைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இடது கையை விட்டுப் பார்த்தார். கையெல்லாம் குங்குமம் ஆனது. சட்டையில் துடைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். இன்றைக்கும் நாளின் முதல் நடைக்கு முன்னால் அவர் அப்படித்தான் செய்கிறார். கண்ணால் பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். குழாய் இருப்பதைக் கண் பார்த்துவிட்டு உள்ளே கத்தி இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கை அப்படி நினைக்காது.

அடுத்த வருஷத்திலிருந்து கருவிகள் பூஜைக்காகப் படகை விட்டு இறங்குவதில்லை. பூசாரிதான் படகில் ஏறி வருகிறார். இந்த வருஷம் அவரை ஏற்றும் வேலை உங்களுடையது. அவருக்கு நீச்சல் தெரியாது, கையைப் பிடித்து நடுவில் உட்கார வையுங்கள். லைஃப் ஜாக்கெட் வேண்டாம், சட்டை இல்லாத உடம்பில் குத்துகிறது என்பார். துண்டைப் போர்த்தி அதன் மேல் மாட்டிவிடுங்கள். பூ வைக்கலாம், மாலையாக வேண்டாம், உதிரிப் பூ போதும். கற்பூரத் தட்டை முன்பக்கம் மட்டும் காட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்க் பின்னால் இருக்கிறது, அதை அவர் வருஷா வருஷம் மறந்துவிடுவார்.